கறுப்பு வண்டிக்கு வந்த தண்ணீர்ச் சீர்

மகளே,

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. இதை நீ படிக்கிறபோது உனக்கு லைசென்ஸ் கிடைத்திருக்கும், அம்மாவைப் பெற்ற உன் அப்புச்சியின் கறுப்பு வண்டிச் சாவி உன் கையில் இருக்கும். இப்போது உனக்குப் பேச்சே முழுசாக வரவில்லை. வண்டியைப் பார்த்தாலும் 'பூம்' என்கிறாய், நாயைப் பார்த்தாலும் 'பூம்' என்கிறாய். நாளைக்கு உனக்குக் காது குத்து. இன்று காலை முதலமடைத் தோப்பு வாசலில் நின்று அப்புச்சி அந்த வண்டியைத் தட்டிக்கொடுத்து, "இது பாப்பாவுக்குத்தானுங்க மாப்ளே. அவ ஓட்டற வரைக்கும் நான் வெச்சிருப்பேன்" என்றார். அதுவரைக்கும் இதன் ரப்பர் எல்லாம் பொடிந்துபோகும் என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அம்மா முறைத்தாள், நிறுத்திக்கொண்டேன். என்ஜினைப் பற்றி யார் வேண்டுமானாலும் உனக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பெயிண்டைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். என் தொழில் அது. இந்த வண்டியின் பெயிண்டுக்கு என்ன நடந்தது என்பதையும் நானே சொன்னால்தான் உண்டு, ஏனென்றால் உன் மாமா சொன்னால் அவனுக்குத் தோதாக மாற்றிச் சொல்லிவிடுவான்.

உன் அம்மாவும் நானும் கோயம்புத்தூரில் படிக்கும்போது பழகியவர்கள். அவள் முதலமடை மாந்தோப்புக்காரர் மகள், நான் மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊரில் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டுகிறவர் மகன். இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. காத்திருப்பது எனக்கு ஆகாது, தெரியுமல்லவா? இதற்குள் தெரிந்திருக்கும். ஒருவழியாக நிச்சயதார்த்தம் தோப்பு வீட்டில் நடந்தது. அப்புச்சி கல்யாணத்துக்கென்றே புது வண்டி எடுத்திருந்தார், நல்ல கறுப்பு. பொண்ணு மாப்பிள்ளை அதில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாங்காய் சீசன் வேறு. லாரி போய்வந்து போய்வந்து தோப்புப் புழுதி முழுக்க அந்தக் கறுப்பின் மேல்தான் வந்து உட்காரும்.

நிச்சயம் முடிந்த மறுநாள் நான் பொள்ளாச்சிக்கு வேலைக்கு வந்துவிட்டேன். என் அப்பாவை, அதாவது உன் தாத்தாவை, சாப்பிடாமல் போகக் கூடாது என்று அப்புச்சி நிறுத்தி வைத்திருந்தார். தாத்தாவால் சும்மா உட்கார முடியாது, எனக்கும் அது அவரிடமிருந்து வந்ததுதான். சம்பந்தி வண்டி புழுதியாகக் கிடக்கிறதே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போர்வெல் தண்ணீர்க் குழாயை இழுத்து, உச்சி வெயிலில் வண்டியை மேலிருந்து கீழ்வரை கழுவிவிட்டார். கழுவிவிட்டு, துடைக்காமல், அப்படியே காயட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். மலையில் அப்படித்தான். எங்கள் லாரியை ரோட்டோர ஓடையில் நிறுத்தி வாளி வாளியாக ஊற்றுவோம், துடைக்கிற வழக்கமே கிடையாது. ஓடைத் தண்ணீர் காய்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. பாறையில் விழுந்த மழை அப்படியே இறங்கி வருகிறது, அதில் கரைய என்ன இருக்கிறது? ஆயுசு முழுக்க வண்டி கழுவிய மனுஷனுக்கு, தண்ணீரால் வண்டி அழுக்காகும் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

முதலமடைப் போர் தண்ணீர் வேறு ஜாதி. அடி ஆழத்தில் பாறை இடுக்கில் கிடந்து, சுண்ணாம்பையெல்லாம் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. தண்ணீர் ஆவியாகப் போகும், சுண்ணாம்பு போகாது. துளி காயும்போது ஓரத்தில்தான் அதிகம் படியும், அதனால்தான் அது புள்ளியாக இல்லாமல் வளையமாகத் தெரியும். வெயிலில் தகரம் சூடாக இருந்தால் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். தாத்தா சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது வண்டி முழுக்க வெள்ளை வளையம். பானெட்டில், கூரையில், கதவில், ஒரு இடம் பாக்கியில்லை. மறுபடி கழுவினால் போய்விடும் என்று நினைத்து மறுபடி அதே குழாயைத் திறந்திருக்கிறார். வளையத்தின் மேல் வளையம்.

சாயங்காலம் உறவுக்காரர்கள் காப்பி குடிக்க வந்திருந்த நேரம். தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து, காய்ந்துபோன கறையை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாராம். உன் அம்மா போனில் இதைச் சொல்லும்போது அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அப்புச்சி வந்து அவர் கையைப் பிடித்து, "உடுங்க சம்பந்தி, வண்டிதானுங்களே" என்றிருக்கிறார். அதோடு முடிந்திருக்கும். உன் மாமா சும்மா இருந்தால்தானே? அப்போது அவன் காலேஜ் முடித்துவிட்டு ஊரெல்லாம் வாய் அளந்துகொண்டிருந்தான். காப்பி டம்ளரோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "புது வண்டிக்கு அம்மை போட்டிருக்குதுங்கப்பா. வேப்பிலை கட்டிரலாமுங்களா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, வாய்க்கு வந்தது, சொன்னான். ஆனால் தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் பொள்ளாச்சி வந்து, என்னைக்கூடப் பார்க்காமல் மலை ஏறிவிட்டார்.

மறுநாள் போன் பண்ணினேன். கல்யாணத்துக்கு எஸ்டேட்டில் லீவு கிடையாது என்றார். சொந்த மகன் கல்யாணத்துக்கு லீவு இல்லையா என்று நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. "நீயும் ஒங்கம்மாவும் போயி நல்லபடியா முடிச்சுட்டு வாங்கலே. நா அந்த வாசல்ல எந்த மூஞ்சிய வச்சு நிக்க?" என்றார். வைத்துவிட்டார். அடுத்து நான் போட்ட எந்தப் போனையும் எடுக்கவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாலி கட்டுகிறபோது அப்பா பக்கத்தில் இல்லாமல் கட்டுவதா? அதைவிட, உன் அம்மா வீட்டார் முன்னால் என் அப்பாவின் இடம் காலியாகக் கிடப்பதா? ஆறுதல் சொல்லி அவரைக் கீழே இறக்க முடியாது. எனக்கு ஆறுதல் சொல்லவும் வராது. எனக்குத் தெரிந்தது பெயிண்ட். சரி, அதிலிருந்து தொடங்கலாம் என்று முதலமடைக்குப் போனேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள், உனக்கும் ஒருநாள் உதவும். முதலில் வண்டியை நிழலுக்குக் கொண்டு போ. மாங்காய்ப் பெட்டி அடுக்குகிற கொட்டகைக்குள் தள்ளினேன். பானெட்டில் உள்ளங்கையை வை, சூடு இருந்தால் ஆறுகிற வரை கையைக் கட்டிக்கொண்டு நில். அப்புறம் விரலில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு மெல்லத் தடவு. வெறும் விரலுக்குத் தெரியாதது கவர் வழியாகத் தெரியும். சொரசொரவென்று இருந்தால் சுண்ணாம்பு மேலே உட்கார்ந்திருக்கிறது, பயப்படாதே. வழவழவென்று இருந்தும் வளையம் கண்ணுக்குத் தெரிந்தால் அது கிளியர் கோட்டுக்குள், அதாவது பெயிண்டுக்கு மேலே இருக்கிற கண்ணாடி மாதிரியான பூச்சுக்குள், அரித்து இறங்கிவிட்டது. அதற்கு வைத்தியம் வேறு. நான் தடவிப் பார்த்தபோது பெரும்பாலும் சொரசொரப்புதான். அப்புச்சி முழு வண்டிக்கும் மறுபடி பெயிண்ட் அடிக்க ஆள் பார்த்துவிட்டார். "பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகல மாமா. மேல சுண்ணாம்பு உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான். பெயிண்ட் அடிச்சா நீங்க நல்ல சட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற சட்டை தைக்கிற மாதிரி" என்றேன். மாமனாரிடம் பேசுகிற பேச்சா என்று உன் அம்மா அப்புறம் கேட்டாள். இல்லைதான். ஆனால் அவர் ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பின்கதவு ஓரத்தில் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் சோதித்துப் பார்த்தேன். எதையும் முதலில் அப்படிச் சோதி. வெள்ளை வினிகர் பாதி, சுத்தமான தண்ணீர் பாதி. அதில் மெல்லிய துணியை நனைத்துக் கறையின் மேல் போர்த்திவை. காயவிடாதே, காய்ந்தால் வினிகரே கறையாகிவிடும். சுண்ணாம்பு இளகியதும் தேய்க்காமல் ஒற்றி எடு, உடனே சுத்தமான தண்ணீரால் அலசு, வண்டிக்கான ஷாம்பூ போட்டு மறுபடி அலசு, ஈரம் காய்வதற்குள் துடை. முக்கியமான விஷயம் அலசுகிற தண்ணீர்தான். போர் தண்ணீரில் அலசினால் ஒரு கையால் எடுத்ததை இன்னொரு கையால் ஒட்டுகிறாய் என்று அர்த்தம். நான் பொள்ளாச்சியிலிருந்து பேட்டரிக்கு ஊற்றுகிற, சுண்ணாம்பே இல்லாத தண்ணீர் ஒரு கேன் கொண்டு போயிருந்தேன். உள்ளங்கை அகலத்துக்கு வளையங்கள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போயின. கறுப்பு கண்ணாடி மாதிரி நின்றது. அதில் என் முகத்தைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

அன்றைக்கே முழு வண்டியையும் முடித்திருப்பேன். இன்னும் கொஞ்சம் கேன், இன்னும் கொஞ்சம் வினிகர், அவ்வளவுதான். வேலையைப் பாதியில் நிறுத்துவது எனக்குச் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்த மாதிரி. ஆனால் நிறுத்தினேன். கறை எடுத்த இடத்தை ஒரு பழைய போர்வையால் மறைத்தேன், வண்டி மேல் ஒரு துளி தண்ணீரும் பட வேண்டாம், வெயிலுக்கும் எடுக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். நாள் போகப் போகச் சுண்ணாம்பு உள்ளே அரிக்கும், தெரியும். நிழலிலும் ஈரமில்லாமலும் இருந்தால் கொஞ்சம் தாங்கும் என்று துணிந்தேன். உன் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். பிறகு அவள் போனிலிருந்து தாத்தாவைக் கூப்பிட்டேன். அவள் பெயரைப் பார்த்தால் எடுக்காமல் இருக்க மாட்டார் என்று தெரியும்.

"அப்பா, கறை போக மாட்டேங்குது" என்றேன். "இங்க இருக்கிற தண்ணி பூரா சுண்ணாம்பு. நம்ம ஓடைத் தண்ணிதான் வேணும். வேற ஆள் கையில குடுத்து விட்டா கலங்கின தண்ணியைப் பிடிச்சிருவாங்க. நீங்களே பாறை மேல நின்னு பிடிச்சு, நீங்களே கொண்டு வந்தாத்தான் ஆகும். இல்லைன்னா அம்மை போட்ட வண்டியிலதான் நான் கல்யாணத்துக்குப் போகணும்."

உன் அம்மா என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தாத்தா கேட்டார்: "எத்தன கேனு வேணும்லே?"

மகளே, அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குள் என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. கொட்டகைக்குள் இரண்டு காலும் தரையில் நிற்காமல் நடந்தேன் என்று மட்டும் வைத்துக்கொள். 'எவ்வளவு முடியுமோ அவ்வளவு' என்று சொன்னேன். அது தப்பு. தாத்தாவிடம் அப்படிச் சொல்லக் கூடாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் ஒரு ஜீப் தோப்பு வாசலில் வந்து நின்றது. பின்னால் உட்கார இடமில்லாமல் கேன்கள், மேலே கயிறு கட்டிக் கேன்கள். என் அம்மா மடியில்கூட ஒரு சின்னக் கேனை வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சின்னாறு செக்போஸ்டில் ஒவ்வொரு கேனாக மூடி திறந்து மோந்து பார்த்தார்களாம். கல்யாண வீட்டுக்கு இவ்வளவு கேனில் வெறும் தண்ணீரா போகும் என்று அவர்களுக்குச் சந்தேகம். "குடிச்சுப் பாரும்" என்று தாத்தா டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்களாம்.

பந்தல் நிறைய ஆட்கள். தாத்தா இறங்கி யார் முகத்தையும் பார்க்காமல் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். உன் மாமா விடுவானா? தூணில் சாய்ந்துகொண்டு, "என்னங்க மாமா, மாப்பிள்ளை ஊட்டுச் சீரு தட்டுல வரும்னு பாத்தோம். கேன்ல வருதுங்களே" என்றான். மறுபடி சிரிப்பு. தாத்தாவின் கை கயிற்று முடிச்சில் அப்படியே நின்றது. நான் கொட்டகையிலிருந்து பாய்ந்து வந்தேன், என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் அப்புச்சி உள்ளே இருந்து வந்துவிட்டார். சட்டைகூடப் போடாமல், தோளில் துண்டோடு. ஜீப்பைப் பார்த்தார், கேன்களைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"ஆமாடா, சீருதான். மலையில இருந்து தண்ணிச் சீரு வந்திருக்குது. சும்மா எறக்கக் கூடாது" என்றார். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஆரத்தி கொண்டு வாங்க."

ஒரு சிரிப்பும் இல்லை. பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். ஜீப்புக்கும், கேனுக்கும், தாத்தாவுக்கும் சேர்த்துச் சுற்றினார்கள். தாத்தா நெற்றியில் குங்குமம் வைத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்புச்சி முதல் கேனின் ஒரு பக்கக் கைப்பிடியைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு மறுபக்கத்தைத் தான் பிடித்தார். சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு நடுவே நடந்து கொட்டகைக்கு வந்தார்கள். அடுத்த கேனைத் தூக்கியது யார் தெரியுமா? உன் மாமா. அவனிடம் யாரும் சொல்லவில்லை.

வேலை ஆரம்பித்தது. தாத்தா ஊற்றினார், நான் ஒற்றினேன், தாத்தா அலசினார், நான் துடைத்தேன். தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்கிற மீட்டரைக் கேனில் விட்டுக் காட்டினேன். போர் தண்ணீரில் மூன்று இலக்கத்துக்கு எகிறுகிற எண், இதில் ஏற மனசில்லாமல் கீழேயே நின்றது. தாத்தா அதைத் தலைகீழாகப் பார்த்துவிட்டு, 'நம்ம தண்ணியில்லா' என்று பெருமையாகச் சொன்னார். பானெட் கறுப்பானது, கதவு கறுப்பானது. விடாப்பிடியாக ஒட்டியிருந்த இடத்தில் கடையில் க்ளே பார் என்று விற்கிற களிமண் மாதிரியான கட்டியை ஷாம்பூ கலந்த தண்ணீர் தெளித்து மெல்ல ஓட்டினேன். கூரையில் சில வளையங்கள் உள்ளே அரித்து இறங்கியிருந்தன. அவற்றைப் பாலிஷ் போட்டு, பஃபிங் மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெதுவாக ஓட்டித்தான் எடுக்க முடிந்தது. கடைசியில் மெழுகு. பெட்ரோல் மூடிக்குக் கீழே வந்தபோதுதான் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மங்கலான வட்டம் இருந்தது. எது போட்டும் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், உன் மாமா கொட்டகையை விட்டு நழுவப் பார்த்தான். விஷயம் என்னவென்றால், அம்மை என்று கேலி செய்தவன் மனசு உறுத்தி, தானே எடுத்துவிடலாம் என்று பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைத் தொட்டு வைத்திருக்கிறான். அது கறையோடு கிளியர் கோட்டையும் சேர்த்துத் தின்றுவிட்டது. "மச்சான், அப்பாகிட்ட சொல்லிராதீங்க" என்றான். நான் சொல்லவில்லை. இன்றைக்கும் மூடிக்குக் கீழே பார், இருக்கும். அந்த வண்டியில் போகாத கறை அது ஒன்றுதான். அது மலைக்காரர் போட்டதில்லை.

முடிகிற நேரம். கொட்டகையில் நானும் தாத்தாவும் மட்டும். கடைசிக் கேனைச் சாய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "ஏலே, பொள்ளாச்சியில பேட்டரித் தண்ணி விக்க மாட்டானா?"

"விப்பான்" என்றேன்.

அவர் கேனை நிமிர்த்தவில்லை. தண்ணீர் அதே சீராக விழுந்துகொண்டிருந்தது. "சரி, தொடச்சிரு. காஞ்சிரும்" என்றார்.

மறுநாள் காலை அந்த வண்டி மண்டப வாசலில் வந்து நின்றபோது மேலே கட்டிய தோரணம், எதிரே நின்ற கூட்டம், வானம், எல்லாம் அதன் கதவில் தெரிந்தது. வண்டியை ஓட்டி வந்தது தாத்தா. அப்புச்சிதான் சாவியைக் கையில் கொடுத்து, "நீங்கதானுங்க ஓட்டோணும்" என்றிருந்தார். கொழுந்து லாரி ஓட்டுகிற மாதிரி முதுகை நிமிர்த்தி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு குண்டு குழியில் விடாமல் கொண்டுவந்து நிறுத்தினார். தாலி கட்டும்போது என் வலது பக்கம் நின்றார். நான் ஜெயித்த நாள் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான். பரீட்சையில் பாஸானது, வேலை கிடைத்தது எல்லாம் அதற்குக் கீழே.

ஆகவே வண்டியைக் காலையிலோ சாயங்காலமோ நிழலில் கழுவு. காய்வதற்குள் துடை. டேஷ்போர்டுக்குள் ஒரு நல்ல துண்டு வைத்திருக்கிறேன், அதை வேறு எதற்கும் எடுக்காதே. பாத்திரம் தேய்க்கிற நாரை வண்டிப் பக்கம் கொண்டு போகாதே, மாமா சொல்லும் எந்த வைத்தியத்தையும் கேட்காதே. உன்மேல் உள்ள ஆசையில் யாராவது ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டு ஒளிந்துகொண்டால், பரவாயில்லை என்று சொல்லி நிறுத்தாதே. அவரைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடு. கனமான வேலையாகக் கொடு. நீ தனியாகவே முடித்துவிடக்கூடிய வேலையாக இருந்தாலும் பொறுத்திரு. பொறுமையைப் பற்றி நான் உனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான், எனக்கே தெரிந்தது இவ்வளவுதான்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் தண்ணீர்ச் சீர் உண்டு. உனக்குப் பெயர் வைத்தபோதும் வந்தது. நாளை மொட்டை போட்டதும் உன் தலையில் ஊற்றப்போவது அந்த ஓடைத் தண்ணீர்தான், நீ கத்தப்போகிறாய், அது சில்லென்று இருக்கும். மாமா மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஜீப் ஹாரன் கேட்கிறது. இரண்டு முறை அடித்துவிட்டு நிறுத்துவது தாத்தாவின் பழக்கம். நீ 'பூம் பூம்' என்று ஓடுகிறாய். உன் பின்னால் மாமா ஓடுகிறான். ஓடிக்கொண்டே வீட்டுக்குள் திரும்பிச் சொல்கிறான்: "தண்ணிச் சீரு வந்திருச்சுங்க. ஆரத்தித் தட்டு எங்கீங்க?"

உன் அப்பா